வியர்த்த கையில் நிற்கும் ரப்பர் பட்டை: எட்டு மாத வேலைக்குறிப்பு

பிப்ரவரியில் ரப்பர் மரம் இலையுதிர்த்து நிற்கும். பால் குறைவு, பேரல் விலை ஏறிக் கிடக்கும். குலசேகரம் பக்கத்தில் சின்னதாக ஒரு டிப்பிங் யூனிட் (மோல்டை, அதாவது அச்சை, ரப்பர்பாலில் முக்கிப் பொருள் செய்யும் பட்டறை) வைத்திருக்கும் எனக்கு அது கை சும்மா இருக்கும் மாதம். அந்த நேரம் பார்த்து, நாகர்கோவிலில் பிசியோதெரபி பார்க்கும் டாக்டரம்மா ஒருவர் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து என் மேசையில் கவிழ்த்தார். பச்சை, சிவப்பு, நீலம் என்று இருபது ரப்பர் பட்டைகள். பாதி அறுந்தவை, மீதி நல்லவை.

"அறுந்தா மாத்திக்கிடலாம் சார். வழுக்குததுதான் பிரச்சனை. எழுபது வயசு ஆச்சிக்குத் தோள்பட்டைக்குப் பயிற்சி குடுக்கேன். கை வேர்த்ததும் நழுவி மூஞ்சில அடிக்கி. தொடையில மாட்டுற வளையம் சுருண்டு சுருண்டு மேல ஏறுது. நீங்க ரப்பர்லயே கிடக்கவங்க, ஒண்ணு செஞ்சு தாங்களேன்."

அப்பா காலத்தில் எங்கள் யூனிட்டில் பலூன் போட்டோம். பிறகு விரலுறை. பட்டை போட்டதில்லை. ஆனாலும் ஒரு குழாயைப் பாலில் முக்கி எடுத்து, காயவைத்து, ஐந்து சென்டிமீட்டர் அகலத்தில் வளையம் வளையமாக நறுக்கினால் பட்டைதானே என்று நினைத்து, ஒரு மாதத்தில் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அக்டோபரில்தான் கொடுத்தேன்.

முதலில் மோல்டு. ஆறு அங்குல பிவிசி குழாய் வெளிவிட்டம் 160 மில்லி. சுற்றளவு 50 சென்டிமீட்டர், தட்டையாக மடித்தால் 25. தொடைக்கு மாட்டும் வளையத்துக்கு அளவு சரி. இரண்டு அடி வெட்டி வந்து, அடியில் மூடி ஒட்டி, தொட்டியில் இறக்கினேன். இறங்கவில்லை. முப்பது சென்டிமீட்டர் ஆழம் முக்கினால் அந்தக் குழாய் ஆறு லிட்டர் பாலை விலக்க வேண்டும். அதாவது ஆறு கிலோ எடைக்குக் கிட்டத்தட்ட மேலே தள்ளும். பலூன் மோல்டு விரல் தண்டி, அதில் இந்தத் தொல்லையே வந்ததில்லை. மணலை நிரப்பி இறக்கினேன். அப்புறம் அடுப்புக்குள் 100 டிகிரியில் வைத்தேன். பிவிசி எண்பதுக்கு முன்னாலேயே இளகிவிடும் என்பது தெரியாத ஆள் இல்லை நான். அன்றைக்கு ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான். மணல் பாரத்தில் குழாய் யானைக்கால் மாதிரி அடி பருத்து உட்கார்ந்திருந்தது.

அடுத்தது ஐந்து மில்லி கனமுள்ள அலுமினியக் குழாய். மணல் வேண்டாம், சூடேற நேரம் பிடிக்கிறது. பதிலாக மேலே ஒரு சட்டம், திருகு, நெம்புகோல். திருகினால் மெதுவாக இறங்கும். இந்த "மெதுவாக" பின்னால் ரொம்பக் கைகொடுத்தது.

பால் கலவையில் புதுமை ஒன்றும் இல்லை. சென்ட்ரிபியூஜில் சுழற்றித் தண்ணீரைக் குறைத்த, 60 சதவீதம் ரப்பர் உள்ள பால். அதிலுள்ள உலர் ரப்பர் 100 பங்கு என்று வைத்தால் ரப்பரை இறுக்கும் கந்தகம் 1, அந்த வேலையை வேகப்படுத்தும் இசட்.டி.சி. 0.8, துத்தநாக ஆக்சைடு 0.4, ஆன்டிஆக்சிடன்ட் 1, பால் கட்டியாகாமல் நிற்கக் கொஞ்சம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் லாரேட் சோப்பும். பொடிகளையெல்லாம் தனித்தனியாகத் தண்ணீரோடு பால் மில்லில், அதாவது குண்டுகள் உருண்டு பொடியை அரைக்கும் உருளையில், 48 மணி நேரம் ஓட்டவேண்டும். (பால் மில் என்றால் பாலை அரைக்கிற மில் என்று நினைத்து ஒரு பையன் ஒருதடவை ரப்பர்பாலையே ஊற்றி ஓட்டிவிட்டான். கோலிக்குண்டுகளைப் பிரித்தெடுக்க ஒரு வாரம் ஆனது.) கலந்தபின் ஒன்றரை நாள் ஊறவிட்டு, குளோரோஃபார்ம் சோதனை பார்ப்பேன். சம அளவு பாலையும் குளோரோஃபார்மையும் கலக்கினால் திரண்டு வரும் கட்டி, இழுத்தால் நூலாக வரக்கூடாது, பொலபொலவென்று உதிரவும் கூடாது. இரண்டுக்கும் நடுவில், பிய்த்தால் பிய்கிற பதம். நம் ஊர்ப் பெண்கள் பணியாரப் பாகு பார்ப்பதும் இதே கணக்குத்தான்.

பாலை மோல்டின்மேல் உறையவைக்கும் கால்சியம் நைட்ரேட்டின் 15 சதவீதக் கரைசலில் சூடான மோல்டை முக்கி, உலரவிட்டு, பாலில் முக்கி, எடுத்து, மறுபடி முக்கி, 0.8 மில்லி கனம் வந்தது. அடுப்பில் 40 நிமிடம். கழற்றி, ஒட்டாமல் இருக்க மாவு தூவி, நறுக்கி, தொங்கு தராசில் மாட்டி இருமடங்கு நீளத்துக்கு இழுத்தேன். ஆறு கிலோ காட்டியது. டாக்டரம்மா கொண்டுவந்த பச்சைப் பட்டைக்குக் கிட்டத்தட்ட அதே பலம். அன்று மாலை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மறுநாள் கையை நனைத்துக்கொண்டு இழுத்துப் பார்த்தேன். அவர் கொண்டுவந்ததைவிட மோசமாக வழுக்கியது.

இங்கேதான் உருப்படியாக யோசிக்க ஆரம்பித்தேன். ரப்பருக்கு இயல்பிலேயே பிடிப்பு உண்டு. சுத்தமான, வழவழப்பான, காய்ந்த ரப்பரைக் காய்ந்த கையால் பிடித்துப் பாருங்கள், நழுவாது. ரப்பர் மெத்தென்று இருப்பதால் தோலின் மேடுபள்ளங்களுக்குள் அமுங்கி உட்கார்ந்துகொள்ளும். தொடுகிற பரப்பு அதிகம். அந்த இரண்டுக்கும் நடுவில் ஏதாவது ஒரு படலம் வந்தால்தான் வழுக்கும். அந்தப் படலம் வியர்வை மட்டும்தானா?

ஒரு சோதனை மேசை செய்தேன். பலகையில் பட்டைத் துண்டை ஒட்டி, அதன்மேல் அடியில் தோல் ஒட்டிய ஒரு கிலோ படிக்கல்லை வைத்து, தொங்கு தராசைக் கிடையாகக் கோத்து இழுப்பது. எந்த எடையில் கல் நகர்கிறது என்று குறிப்பது. தோலை உப்புத்தண்ணீரில் நனைத்தால் வியர்த்த கை என்று கணக்கு. மாட்டுத்தோல் மனிதக் கை ஆகாது, தெரியும். ஆனால் என் கையால் இழுத்தால் எனக்குப் பிடித்த பட்டை ஜெயித்துவிடும்.

மாவு தூவிய பட்டையில் காய்ந்த தோல் 450 கிராமிலேயே நகர்ந்தது. ஈரத்தோல் 200 கிராமில். அதே பட்டையைச் சோப்பில்லாமல் வெந்நீரில் நன்றாகக் கழுவிக் காயவைத்து இழுத்தால் காய்ந்த தோல் ஒரு கிலோவைத் தாண்டியது. ஈரத்தோல் 350.

அப்படியானால் நழுவலில் பாதி நானே தூவியது. மாவு மட்டுமல்ல. பால் கட்டாமல் இருக்கப் போட்ட சோப்பு பட்டையிலேயே தங்கி, வியர்வை பட்டதும் கரைந்து வருகிறது. கால்சியம் நைட்ரேட் இன்னும் மோசம். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் உப்பு. ஜூனில் மழை தொடங்கியதும், கழுவாத பட்டைகள் அலமாரியில் இருந்தபடியே பிசுபிசுவென்று வியர்த்ததைப் பார்த்தேன்.

எங்களிடம் பலூன் காலத்திலிருந்து வேலை பார்க்கும் அக்காவிடம் சொன்னபோது, "இதைக் கண்டுபிடிக்கவா தராசு? நான் பலூனைக் கழுவணும்னு உங்க அப்பாகிட்ட எத்தனை தடவை சொல்லியிருப்பேன். தண்ணி செலவுன்னுட்டாரு" என்றார்.

அன்றிலிருந்து, பாலில் இருந்து எடுத்த படலம் உறைந்ததும், அடுப்புக்குப் போகுமுன் ஈரமாக இருக்கும்போதே 65 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம், தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். சுட்டு இறுகிய பிறகு கழுவினால் உள்ளே இருப்பது வெளியே வரச் சோம்பும். இந்தக் கழுவலுக்கு இன்னொரு லாபம் உண்டு. ரப்பர்பாலில் இருக்கும் புரதங்கள்தான் சிலருக்கு ஒவ்வாமை தருபவை. அவற்றில் கரையக்கூடியது கொஞ்சம் போய்விடும். மாவு அந்தப் புரதத்தைச் சுமந்து காற்றில் பறக்கும் என்பதால்தான் 2017 ஜனவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மாவு தூவிய மருத்துவக் கையுறைகளையே தடைசெய்தது. எவ்வளவு கழுவினாலும், லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவருக்கு என் பட்டை ஆகாது. அதை உறையில் பெரிதாக அச்சடித்திருக்கிறேன்.

மாவு இல்லாவிட்டால் பட்டை தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும். குளோரின் தண்ணீரில் முக்கினால் ஒட்டாது. ஆனால் மேற்பரப்பு கெட்டிப்பட்டு வழுவழுவென்று ஆகிவிடும். கையுறை எளிதாக மாட்டவேண்டும் என்றால் அது நல்லது. எனக்கோ வழுக்காமல் இருப்பதற்குத்தான் இத்தனை பாடு. சிலிக்கோன் பூசினாலும் அதே கதை. இந்த ஒட்டல் பிரச்சனையைத் தள்ளிவைத்தேன், பிறகு அதுவாகவே தீர்ந்தது.

ஈரத்தில் 350 கிராம் போதாது. வழவழப்பான பரப்பில் வியர்வை போவதற்கு இடமில்லை, நடுவில் மாட்டிக்கொண்டு படலமாக நிற்கிறது. டயருக்கு வரி வெட்டுவது எதற்கு? தண்ணீர் ஒதுங்கத்தான். ஆக, சொரசொரப்பு வேண்டும்.

வீட்டு வேலைக் கையுறைகளில் கரைப்பானில் முக்கிச் சுருக்கம் வரவழைப்பார்கள். டொலுவீன் வாங்கி ஒரே ஒருமுறை செய்தேன். மின்கம்பி அடுப்பு ஓடும் அறையில் அந்த நெடி பரவியதும் அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் வைத்துவிட்டு, "இது இங்க வேண்டாம் தம்பி" என்றார். வேண்டாம் என்றே முடிந்தது.

அடுத்து உப்பு. கடைசி முக்கில் ஈரமாக இருக்கும் படலத்தின்மேல் உப்பைத் தூவினால், ஒட்டிய இடத்தில் பால் உடனே உறையும்; கழுவும்போது உப்பு கரைந்து குழி மட்டும் நிற்கும். கையுறைக்காரர்கள் செய்வதுதான். கல்லுப்பை உரலில் இடித்துச் சலித்துத் தூவினேன். அரைக்கிலோ உப்பில் அருமையான பரப்பு வந்தது, ஈரத்தோலுக்கு 700 கிராம். மூன்று நாள் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு திரிந்தேன் என்றே சொல்லலாம்.

அறுபடுமா என்று பார்க்க, பழைய கார் வைப்பர் மோட்டாரில் ஒரு கை பொருத்தி, பட்டையை இரண்டரை மடங்குக்கு இழுத்து இழுத்து விடும் யந்திரம் ஒன்று செய்திருந்தேன். சைக்கிள் மீட்டர் எண்ணும். உப்புப் பட்டை 600 இழுப்பில் அறுந்தது. அறுந்த வாயை லென்ஸ் வைத்துப் பார்த்தால், சல்லடையில் தப்பிய ஒரு பெரிய உப்புக்கல் அரை மில்லி ஆழத்துக்குக் குழி போட்டிருந்தது. மொத்தக் கனமே 0.8. ரப்பர் அறுவது சராசரி கனத்தைப் பார்த்து அல்ல. எங்கே மோசமான ஒரு குழியோ கீறலோ இருக்கிறதோ அங்கே இழுவிசை குவிந்து, கிழிசல் ஓடிவிடும். உப்பு எங்கே விழும் என்பது நம் கையில் இல்லை.

சரி, மோல்டிலேயே சொரசொரப்பை வெட்டிவிட்டால்? குழாயை ஒட்டிய பக்கம் பட்டையின் உட்பக்கம். தொடையில் மாட்டும்போது தோலைத் தொடுவதும் அதுவே. கைக்கு வேண்டுமானால் புரட்டிப் போட்டுக்கொள்ளலாம். மார்த்தாண்டத்தில் லேத் வைத்திருக்கும் அண்ணனிடம் போனேன். "நர்லிங் போட்டுத் தாரேன்டே, கைப்பிடிக்குப் போடுத மாதிரி வைரக்கட்டம். முதல்ல இந்தத் துண்டுல பாரு" என்று, கிடந்த ஒரு பித்தளைக் குழாய்த்துண்டில் அழகாக நர்லிங் ஏற்றிக் கொடுத்தார்.

பித்தளை. ரப்பர் தொழிலில் செம்பு ஆகாது என்பது பாலபாடம். கழற்றியபோதே பட்டையின் உட்பக்கம் காப்பிக் கறை; இசட்.டி.சி.யோடு செம்பு சேர்ந்தால் வரும் பழுப்பு. விட்டுவைத்துப் பார்த்தேன். இரண்டு மாதத்தில் அந்தத் துண்டு பழைய ஒட்டுப்பால் மாதிரி இளகிக் கையில் ஒட்டியது. செம்பு ரப்பரைச் சீக்கிரம் கிழடாக்கிவிடும். அண்ணனைக் குற்றம் சொல்ல முடியாது, வாங்கிக்கொண்டு வந்தவன் நான்.

அலுமினியத்தில் மறுபடி நர்லிங். கறை இல்லை, பிடிப்பும் நன்றாக இருந்தது. வைப்பர் மோட்டாரில் 900. மறுபடி லென்ஸ். மோல்டில் கூர்மையாக நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு வைரமுனையும் பட்டையில் கூர்மையான ஒரு பள்ளம். பட்டை முழுக்க நானே பிளேடால் கீறி வைத்ததற்குச் சமம். எமெரித்தாளால் முனைகளை மழுக்கியபின் 4,000 வரை போனது. மழுங்க மழுங்கப் பிடிப்பும் குறைந்தது.

அன்று இரவு அக்கா சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார் என்றெல்லாம் கதை விட ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. காகிதத்தில் இரண்டு படம் வரைந்தேன்: பட்டையில் பள்ளம் விழுந்தால் கனம் குறைகிறது, மேடு எழுந்தால் குறையவில்லை. மேட்டுக்கு மோல்டில் குழி வேண்டும். மேடுகளுக்கு நடுவே உள்ள சமவெளி முழுக்க ஒன்றோடொன்று சேர்ந்திருப்பதால் வியர்வை ஒதுங்கவும் வழி. இதை பிப்ரவரியிலேயே வரைந்திருக்கலாம்.

குழிகளை எவ்வளவு நெருக்கமாக வைப்பது என்பதில் ஒரு சிக்கல். ரப்பரை இழுத்தால் கன அளவு மாறாது. இருமடங்கு நீட்டினால் அகலமும் கனமும் 70 சதவீதமாகச் சுருங்கும். மேடுகளும் அப்படியே, நீளவாக்கில் விலகும், அகலவாக்கில் நெருங்கும். சும்மா கிடக்கும்போது அழகாகத் தெரியும் சதுரக் கட்டம், இழுத்துப் பிடிக்கும் நேரத்தில், அதாவது பிடிப்பு தேவைப்படும் ஒரே நேரத்தில், நீளவாக்கில் இடைவெளி விட்டுப் பல்லுப்போன சீப்பு மாதிரி ஆகிவிடும். ஆகவே இழுக்கும் திசையில் 3 மில்லி, குறுக்கே 5 மில்லி. நீட்டியபின் 6-க்கு மூன்றரை. ஒரு விரல் அகலத்துக்குள் எப்போதும் இரண்டு வரிசை இருக்கும்.

சுற்றளவு முழுக்கக் குழி போட்டால் எட்டாயிரத்துக்கு மேல் போகும். எதிரெதிராக 12 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு இடம் போதும் என்று முடிவுசெய்தேன். மீதி வழவழப்பாகவே இருந்து நீளட்டும். முதலில் ஒரே ஒரு வளையத்துக்கு 800 குழி. காகிதத்தில் புள்ளி வைத்துக் குழாயில் சுற்றி ஒட்டி, 2 மில்லி டிரில் பிட்டின் நுனி மட்டும் இறங்கும்படி ஸ்டாப்பர் வைத்து, ஆழம் 0.6 மில்லி. அக்கா மகன், எனக்கு மருமகன், கல்லூரி விடுமுறையில் இருந்தான். "எண்ணூறுதானே மாமா" என்றான். அது நன்றாக வந்து, முழுக் குழாய்க்கு மீதி 3,200 போடவேண்டும் என்றபோது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான்கு சனிக்கிழமை. ஒவ்வொரு குழியின் விளிம்பையும் எமெரித்தாளால் தேய்த்து வட்டப்படுத்த இன்னும் இரண்டு. விளிம்பு கூராக விட்டால் மேட்டின் அடிவாரத்தில் கிழிசல் தொடங்கும்.

முதல் முக்கில் பாதி மேடுகள் பொக்கையாக வந்தன. குழிக்குள் காற்று மாட்டிக்கொள்கிறது. கால்சியம் நைட்ரேட் கரைசல் குழிக்குள்ளும் படர்ந்து நனைக்க உதவும் திரவம் சில துளி, மோல்டு 55 டிகிரிச் சூடு, பிறகு அந்தத் திருகு. முப்பது சென்டிமீட்டரை இரண்டு நிமிடத்தில் இறக்கினால் காற்று தப்பித்து மேலே ஓட நேரம் கிடைக்கிறது. பொக்கை ஒன்றிரண்டாகக் குறைந்தது.

ஆனால் மெதுவாக இறங்குவதற்கும் ஒரு விலை உண்டு. முதலில் உள்ளே போய்க் கடைசியில் வெளியே வருவது குழாயின் அடிப்பகுதி. பாலில் அதிக நேரம் கிடப்பதும் அதுதான். மேல் வளையம் 0.7 மில்லி, அடி வளையம் 0.9. ஒரே குழாயில் நறுக்கியவை, இழுத்தால் ஒன்று ஐந்தே கால் கிலோ, இன்னொன்று ஆறே முக்கால். ஆச்சி திங்கட்கிழமை ஒன்றும் செவ்வாய்க்கிழமை ஒன்றும் எடுத்தால் தோள் தேறியிருக்கிறதா, பட்டை மாறியிருக்கிறதா என்று டாக்டரம்மாவுக்கு எப்படித் தெரியும்? குழாயின் இரு முனையிலும் மூடி போட்டு, இரண்டாம் முக்குக்குத் தலைகீழாகத் திருப்பினேன். வித்தியாசம் 0.05 மில்லிக்குள் அடங்கியது. அப்படியும் ஒவ்வொரு வளையத்தையும் தராசில் இழுத்து, எடையை அதன்மேல் எழுதித்தான் கொடுக்கிறேன். நிறத்தை நம்பச் சொல்வதைவிட அது நேர்மை.

ஈரத்தோலுக்கு 650 கிராம். உப்புப் பட்டையைவிட 50 குறைவு. வைப்பர் மோட்டாரில் 10,000 தாண்டியும் அறவில்லை; மோட்டாரின் கார்பன் பிரஷ் முதலில் தேய்ந்தது. ஒட்டல் பிரச்சனையும் போயே போய்விட்டது. மேடுகள் இருக்கும் பக்கத்தை மடித்து வைத்தால் நுனிகள் மட்டும் தொடுகின்றன, ஒட்டுவதற்குப் பரப்பு இல்லை. வழவழப்பான பகுதிக்கு மட்டும் நடுவில் ஒரு தாள்.

அக்டோபரில் 40 வளையம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆச்சி ஒருவர் கையை வேட்டித்துண்டில் துடைக்கப் போனவர், துடைக்காமலே இழுத்துப் பார்த்துவிட்டு, "இது பலாக்கொட்டை மாதிரி குத்துதே" என்றார். பிடித்திருக்கிறதா இல்லையா என்று கடைசிவரை சொல்லவில்லை. டாக்டரம்மா, தொடையில் மாட்டும்போது சேலைக்குமேல் நன்றாக நிற்கிறது, வெறும் காலில் முடியைப் பிடித்து இழுக்கிறது என்று ஆண்கள் கத்துகிறார்கள் என்று எழுதி அனுப்பினார். மேட்டின் நுனியை இன்னும் தட்டையாக்க வேண்டும். அதற்கு உருண்டை முனை பிட் வாங்கியாயிற்று. மருமகனிடம் இன்னும் சொல்லவில்லை.

மொட்டைமாடியில் எட்டு வளையங்களைப் பாதி இழுத்த நிலையில் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன், நான்கு வெயிலில், நான்கு நிழலில். மூன்றாவது வாரம் இன்று. வெயிலில் உள்ளவற்றில் இரண்டில், ஆணியில் மடிந்த இடத்தில், குறுக்கே மயிரிழை வெடிப்பு. மேடுள்ள பகுதியில் இல்லை, வழவழப்பான பகுதியில்.